சேம்பு வாங்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சந்தையில் சேம்பிலைக் கட்டொன்றை வாங்கி, முளைக்கீரையைப் போல ஐந்தே நிமிடத்தில் சுண்டல் செய்தேன். சாப்பிட்ட நால்வருக்கும் தொண்டை அரித்தது. வியாபாரி பழுதான கீரையைத் தந்துவிட்டாரா? (வாசகி, கல்லடி)

பதில்: இல்லை அம்மா, கீரையில் பழுதில்லை, சமைத்த விதத்தில்தான் பிழை. சேம்பின் இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் கல்சியம் ஒக்சலேற்று ஊசி வடிவப் பளிங்குகளாக இருக்கிறது. அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதால்தான் அரிப்பு உண்டாகிறது. இளம் இலைகளைத் தெரிந்தெடுத்து, தடித்த நடுநரம்பை நீக்கி, நன்றாகக் குழையும் வரை அவித்து, அந்த நீரைக் கொட்டிய பின்னரே பழப்புளியோ கொறுக்காய்ப் புளியோ சேர்த்துத் தேங்காய்ப்பாலில் சமைக்க வேண்டும். பழக்கமில்லாத கீரையை வாங்கும்போது, அதை எப்படிச் சமைப்பது என்று விற்பவரிடம் கேட்க அரை நிமிடம் போதும். அதைக் கேட்காமல் வாங்கி, பிறகு அவர்மீது குறை சொல்வது நியாயமில்லை. உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு விடச் சிரமப்பட்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: கன்று ஒன்று 400 ரூபாய் வீதம், 'கறிச் சேம்பு' என்று சொல்லி ஆறு கன்றுகளை விற்றார்கள். வளர்ந்த பின் பார்த்த அயலவர் ஒருவர், இது அழகுக்கு வளர்க்கும் செடி, தின்னக் கூடாது என்கிறார். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? (வாசகர், கல்முனை)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன், இதே ஏமாற்றம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுமேடையில், சமைக்கக்கூடிய சேம்பு என்ற உறுதிமொழியை நம்பி மூன்று கன்றுகளை வாங்கிக் கிணற்றடியில் நட்டேன். நான்காம் மாதம் முதல் இலையை அறுத்தபோது, காம்பிலிருந்து வழிந்த சாறு பட்ட இடமெல்லாம் முழங்கை வரை சிவந்து தடித்தது. அன்று தொடங்கிய கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. உண்ணும் இனமும் அழகுச் செடியும் 'சேம்பு' என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. பூச்செடிக்குப் பெயர் மாறினால் முற்றத்தின் நிறம் மட்டுமே மாறும். உணவுச் செடிக்குப் பெயர் மாறினால் வீட்டிலுள்ளவர்களின் தொண்டை வீங்கும். இந்த வேறுபாட்டை உணராமல் விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இலையைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான சேம்பில் காம்பு, இலையின் பிளவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, குடைக்குக் கம்பு பொருந்துவதைப் போல அடிப்புறத்தில் சேர்ந்திருக்கும். இலையின் நுனி நிலத்தை நோக்கித் தொங்கும். மேலே விழும் நீர் ஒட்டாமல் முத்துப்போல உருண்டோடும். அலோகேசியா எனப்படும் அழகுச் செடிகள் பலவற்றில் நுனி வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கும். ஆயினும் காம்பு பிளவிலேயே சேர்ந்திருந்தால் தின்னக் கூடாதென்று உடனே முடிவு கட்டவும் முடியாது. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, சேம்பைப் போன்ற சாந்தோசோமா இனங்களின் காம்பு அப்படித்தான் இருக்கும், அவற்றுள் ஒன்று கீரைக்காகவே வளர்க்கப்படுகிறது. அதனால்தான், இனம் எதுவென்று சொல்லும் கடமை விற்பவருக்கே உரியது என்று வற்புறுத்துகிறேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியதும் வியாபாரியின் கடமை. முதலில் செடியின் படத்தோடு விற்றவரிடம் செல்லுங்கள். மறுத்தால், வாங்கி மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாம். பற்றுச்சீட்டு வாங்கினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. வாங்காவிட்டால் உங்கள் வழக்கு பலவீனமடையும். இருப்பினும் முயலாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'கலலூ' என்று எழுதிய தகர டப்பாவைக் கொழும்பில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். சேம்பிலை என்றார்கள், உள்ளே முளைக்கீரையைப் போல இருக்கிறது. (வாசகர், ஏறாவூர்)

பதில்: ட்ரினிடாட்டில் அந்தப் பெயரில் சமைப்பது சேம்பிலையை, ஜமெய்க்காவில் அதே பெயர் முளைக்கீரை இனத்துக்கு உரியது. டப்பாவின் பின்புறத்தில் உள்ளடக்கம் அச்சிடப்பட்டிருக்கும். 1,800 ரூபாயைக் கொடுக்கும் முன் அதை வாசித்திருக்க வேண்டும்.

கேள்வி: வெட்டி நீரில் ஊறவைத்த கோகிலை (சேம்புக் குடும்பத்து முட்செடி) தண்டுப் பைக்கற் ஒன்றை வாங்கினேன். திறந்ததும் புளித்த வாடை. கழுவிச் சமைக்கலாமா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: சமைக்காதீர்கள். பைக்கற்றையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குச் செல்லுங்கள். மாற்றித் தர மறுத்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். முட்களோடு முழுத் தண்டாக வாங்கி வீட்டில் சீவுவதற்கு நேரமெடுக்கும் என்றாலும், நான் அப்படித்தான் வாங்குகிறேன். வெட்டிய முகம் ஈரமாகவும் வெளிறியும் இருந்தால் அது புதியது.

கேள்வி: கணவருக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது. சேம்பிலை மலிவாகக் கிடைப்பதால் வாரம் மூன்று நாள் சமைக்கிறேன். (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: நிறுத்திவிடுங்கள். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை ஒக்சலேற்றுக் கற்களே. மீண்டும் சமைப்பதா என்பதை அவருடைய வைத்தியரிடம் கேட்ட பின் தீர்மானியுங்கள்.