கிளாஸ் ஒன் (கப்பல் சீஃப் இன்ஜினியர் தேர்வு) எழுதப் போகிறவர்களின் கேள்விகளும் ஒரு பழைய சீஃபின் பதில்களும்

தண்டையார்பேட்டை: சீஃப் ஆக எவ்வளவு சீ டைம் (கப்பலில் வேலை செய்த காலம்) வேண்டும்?
3000 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இன்ஜினுக்கு, எஸ்டிசிடபிள்யூ (கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழுக்கான உலக ஒப்பந்தம்) விதிப்படி இன்ஜினியர் ஆபீசராக 36 மாதம். அதில் செகண்டாகவே (சீஃபுக்கு அடுத்த இன்ஜினியர்) ஒரு வருடம் ஓடியவருக்கு மொத்தம் 24 மாதம் போதும். "சீ டைம் கூட்டிப் போட்டுத் தருகிறேன்" என்று பாரிமுனையில் எவனாவது கூப்பிட்டால் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

ராயபுரம்: சிமுலேட்டரில் ஆயில் மிஸ்ட் அலாரம் (இன்ஜினுக்குள் எண்ணெய்ப் புகை சேர்ந்தால் அடிப்பது) அடித்ததும் மெயின் இன்ஜினை நிறுத்தினேன். பிரிட்ஜை (கேப்டன் கப்பலை நடத்தும் மேல் அறை) கேட்காதது தப்பு என்கிறார்கள். சரியா சார்?
அவர்கள் சொல்வது சரிதான் தம்பி. அலாரம் அடித்தால் முதலில் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) கதவு, ரிலீஃப் வால்வுப் பக்கம் நிற்கிற ஆட்களை விரட்டு. வேகத்தை ஸ்லோவுக்கு இறக்கிவிட்டு, போனை எடுத்து பிரிட்ஜிடம் நிறுத்த அனுமதி கேள். "ஏதோ அலாரம் சார்" என்று இழுக்காதே. "கிராங்க்கேஸ் வெடிக்கலாம், உடனே நிறுத்தணும்" என்று சொல். நேரத்தைக் குறித்து வை. கிளாஸ் ஒன் ஓரலில் (வாய்மொழித் தேர்வு) கேள்வி கேட்கும் சர்வேயர் தோண்டுவது இதைத்தான்: யாரிடம், எப்போது, என்ன சொன்னாய்? பம்ப் கழற்றத் தெரியுமா என்பதை உன் செகண்ட் சர்டிபிகேட்டே சொல்லிவிட்டது.

எண்ணூர்: கேப்டன் "இன்னும் பத்து நிமிடம் ஓட்டு" என்றால்?
திருவொற்றியூர் (குறுக்கே): பத்து நிமிடத்தில் கீழே ஆள் செத்தால் கேப்டன் வருவாரா?
எண்ணூர்: குறுகலான சேனலில் கப்பல் தரைதட்டினால் நீங்கள் வருவீர்களா?
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். சேனலில் நிற்கும் கப்பலுக்கு என்ன ஆகும் என்பது மேலே இருப்பவருக்குத்தான் தெரியும், முடிவு அவருடையது. ஆபத்தை ஒளிக்காமல் அவர் காதில் போடுவது சீஃபின் வேலை. அவர் ஓட்டச் சொன்னால் ஸ்லோவில் ஓட்டு, இன்ஜின் ரூமில் ஒரு ஆளும் இருக்கக்கூடாது.

மணலி: எந்த இன்ஸ்டிடியூட் நல்லது?
மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள்.

மீஞ்சூர்: எல்என்ஜியில் (திரவ இயற்கை எரிவாயு) ஓடும் கப்பலுக்கு அட்வான்ஸ்டு சர்டிபிகேட்?
கோர்ஸோடு, ஐஜிஎஃப் கப்பலில் (எரிவாயு எரிபொருள் விதித்தொகுப்புக்கு உட்பட்டது) ஒரு மாதம், மூன்று பங்கரிங் (எரிபொருள் நிரப்புதல்). அதில் இரண்டை சிமுலேட்டரில் முடிக்கலாம்.

கொருக்குப்பேட்டை: ஒரு மாத சீ டைம் குறைகிறது, ஏதாவது வழி...
இருக்கிறது. ஒரு மாதம் கப்பலில் ஓடுங்கள்.

எண்ணூர்: சரி சார், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆயில் மிஸ்ட் அலாரத்துக்கு இன்ஜினை நிறுத்தியாச்சு. அப்புறம்?
ஆக்சிலரி புளோயரை (இன்ஜினுக்குக் காற்று தள்ளும் துணை விசிறி) நிறுத்து, ஸ்கைலைட்டை (இன்ஜின் ரூமின் மேல் திறப்பு) திற, எல்லோரும் வெளியே. குறைந்தது 20 நிமிடம் கிராங்க்கேஸ் கதவைத் தொடாதே. காற்று உள்ளே போய், சூடான இடம் ஆறாமல் இருந்தால் அங்கேயே வெடிக்கும். பிறகு லூப் ஆயில் பம்பை நிறுத்தி, ஸ்டார்ட்டிங் ஏரை அடைத்து, டர்னிங் கியர் (இன்ஜினை மெதுவாகச் சுற்றும் மோட்டார்) போட்டுவிட்டுத் திற. தீப்பொறி வரும் எதுவும் கிட்டே வேண்டாம். பேரிங் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார், வெள்ளை உலோகம் பிதுங்கியிருக்கிறதா என்று தேடு. சூடான இடத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே, கேப்டன் எத்தனை முறை போன் பண்ணினாலும்.