கேளுங்கள், சொல்கிறேன்: அட்டையாகிப் போன டவல்

கல்யாணத்துக்கு வந்த டர்க்கி டவல்கள் ஆறே மாதத்தில் அட்டை மாதிரி விறைத்துவிட்டன. துடைத்தால் ஈரம் போவதில்லை, முகத்தில் வைத்தால் முடை நாற்றம். வாஷிங் மெஷினில்தான் துவைக்கிறேன். வாசனைக் கண்டிஷனரும் தவறாமல் ஊற்றுகிறேன். எங்களுக்கு போர் தண்ணீர்.
– வாசகி, திருப்பூர்

தவறாமல் ஊற்றுகிறீர்களே அம்மிணி, அதுதான் தவறு! கண்டிஷனர் நூலின் மேல் மெழுகு பூசினாற்போல் படியும். டவலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நிற்கும். போதாததற்கு, போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து படிகின்றன. அந்தப் படிவிலும், காயாத ஈரத்திலும் கிருமி வளர்ந்துதான் நாற்றம் வருகிறது.

நானும் பட்டவள்தான். ஒருநாள் சோப்புத்தூளே போடாமல் வெந்நீரில் டவலை அலசினேன். பக்கெட் நிறைய நுரை! அத்தனையும் பழைய துவையலின் மிச்சம்.

அரை பக்கெட் சூடான தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிளீச்சிங் பவுடரை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். அப்புறம் நன்றாக அலசி, வெறும் வெந்நீரில் ஒருமுறை துவையுங்கள். இனி சோப்புத்தூள் பாதி அளவு போதும். டிரம்மைத் திணிக்காமல் டவல்களைத் தனியாகப் போடுங்கள். கொடியில் போடுமுன் இரண்டு முனையையும் பிடித்து நாலு உதறு உதறுங்கள், படுத்த நூல் வளையங்கள் எழுந்துகொள்ளும். வெயில் நல்லதுதான், மொறமொறவென்று ஆகும்வரை விடாதீர்கள்.

என் மாமியார் கடைசிவரை டர்க்கி டவலைத் தொட்டதில்லை. ஈரோட்டு ஈரிழைத் துண்டு இரண்டு. ஒன்று தோளில், ஒன்று கொடியில். மழைக்காலத்தில்கூட மின்விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும். அன்றாடத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

டவலில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்து விடலாமா?
– வாசகர், கரூர்

ஐயோ, வேண்டாம். அந்த வளையத்துக்கு முடிச்சே கிடையாது; குறுக்கு நூல்களின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. இழுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பூனை புண்ணியத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை இது.