விண்ணப்பத்தை யார் நிரப்புவது?

அன்புள்ள ஐயா,

மகள் உயிரியல் பிரிவில் இரண்டாம் தரம் (இரண்டாவது தடவை) உயர்தரப் பரீட்சை எழுதினாள். மூன்று பாடமும் சித்தி, ஆனால் மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) காணாது. விவசாயம் படிக்கப்போகிறேன் என்கிறாள். மூன்றாம் தரமும் எழுது என்று அப்பா நிற்கிறார். கல்முனையில் மச்சாளின் மகளுக்கு இதைவிடக் குறைந்த புள்ளிக்குத் தாதியியல் கிடைத்ததாம். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது?

ஒரு தாய், பெரியகல்லாறு

அன்புள்ள தங்கச்சி,

முதலில் கல்முனைக் கதையை விடுங்கள். உங்கள் ஊர் மட்டக்களப்பு மாவட்டம், அங்கிருந்து பெரியநீலாவணையில் கால் வைத்தாலே அம்பாறை மாவட்டம். அனேகமான படிப்புகளுக்கு 40 வீத இடங்கள்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு படிப்புக்கு எடுபட்ட கடைசிப் பிள்ளையின் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வெட்டுப்புள்ளி அட்டவணையில் நீங்கள் பார்க்கவேண்டியது மட்டக்களப்பு நிரலை மட்டும்தான்.

என் மூத்த மகனுடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். முந்திய வருட வெட்டுப்புள்ளிகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அடிமட்டம் வைத்து, கூடியதிலிருந்து குறைந்ததுவரை எழுதிக்கொண்டு போனேன். எதிரே இருந்தவன் பேனா மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான், வாயே திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஏழாவதாக எழுதியது கிடைத்தது. அது என்ன படிப்பென்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தான்.

விண்ணப்பத்தில் படிப்புகளை எழுதும் விருப்ப ஒழுங்கு என்பது பிள்ளையின் விருப்பம்தான், புள்ளி ஒழுங்கு அல்ல. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கான வாய்ப்பு குறைவதில்லை. ஆனால் மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதை யாரும் பார்க்கப்போவதில்லை. விவசாயம்தான் வேண்டுமென்றால் அதை மேலே எழுதட்டும்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஒரு படிப்புக்குப் பதிவு செய்துவிட்டால், பிறகு மறுபடி எழுதி வேறு படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. 'இதையும் பதிந்து வைப்போம், அதையும் எழுதுவோம்' என்பது சரிவராது. மூன்றாம் தரம் எழுதுவது பிழையில்லை, அவளே கேட்டால். இரண்டு வருடம் ரியூஷனுக்கு ஓடிய பிள்ளையைப் பிடித்துத் தள்ளாதீர்கள்.

முடிவு எடுக்க முன்னம் ஒருநாள் வந்தாறுமூலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிற ஊர்ப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, காலையிலிருந்து பின்னேரம்வரை என்ன நடக்கிறது என்று மகளே கேட்கட்டும். அங்கே படிப்பு ஆங்கிலத்தில். அனுமதி வரும்வரை கிடைக்கிற மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள், தினமும் ஒரு மணித்தியாலம் போதும்.

அப்புறம், அனுமதியை நடத்தும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் இருக்கிறது. இன்று இரவு அதை மகளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.