பதில்: நிறுவனம் மூடிவிட்டது, என் 180 பவுண்டு என்னவாகும்?

வணக்கம். லண்டனில் உங்களுக்கு எரிவாயு வழங்கிய நிறுவனம் சென்ற வாரம் மூடப்பட்டதால், அந்த நிறுவனத்தில் உங்கள் கணக்கில் மீதமுள்ள 180 பவுண்டு போய்விடுமோ என அஞ்சி, வங்கியிலிருந்து தானாகப் பணம் செலுத்தும் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டு உடனே வேறிடம் மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம்.

இன்றே மீட்டர் அளவைக் குறித்து, ஒரு படமும் எடுத்து வையுங்கள். 2021 செப்டம்பரில் எங்களுக்கும் இதே நிலை வந்தபோது, புது நிறுவனம் தோராயமாகப் போட்டிருந்த தொடக்க அளவை, மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்து எடுத்த அந்தப் படத்தைக் காட்டித்தான் திருத்த முடிந்தது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நியமிக்கும் நிறுவனம் தானே உங்களைத் தொடர்புகொள்ளும். அதுவரை எரிவாயு தடைபடாது, வீட்டு வாடிக்கையாளரின் மீதத் தொகைக்குப் பாதுகாப்பும் உண்டு.

ஆனால் உங்கள் பழைய மலிவு ஒப்பந்தம் தொடராது. 2021-இல் மொத்தச் சந்தையில் விலை பல மடங்கு ஏறியபோது, எரிவாயுவை முன்கூட்டியே வாங்கி வைக்காத சிறு நிறுவனங்கள், ஒப்பந்தமும் ஆஃப்ஜெம் விதிக்கும் விலை உச்சவரம்பும் கையைக் கட்டியதால், வாங்கிய விலைக்கும் குறைவாக விற்று நொடித்துப்போயின. அந்த மலிவு விலையே ஒரு சூதாட்டம்தான் என்பேன். இனி உங்களுக்கு உச்சவரம்புக் கட்டணமே பொருந்தும். 2021 அக்டோபர் 1 முதல் அது எரிவாயுவும் மின்சாரமும் சேர்த்து சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டு எனக் கணக்கிடப்பட்டிருந்தது. ஆனாலும் வரம்பு யூனிட் விலைக்கும் அன்றாட அடிப்படைக் கட்டணத்துக்கும்தானே தவிர மொத்த பில்லுக்கு அல்ல. இப்போது அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். இடையில் எவரேனும் குறிப்பிட்ட காலத்துக்கு மாறாத கட்டணத்தைக் காட்டி அழைத்தால், யூனிட் விலையை ஒப்பிடாமல் கையெழுத்திடாதீர்கள்.