பேயோரை மறக்காத பினெகாஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். யோசுவா 22-ல் யோர்தானுக்குக் கிழக்கே குடியேறின கோத்திரத்தார் யோர்தான் ஓரம் ஒரு பீடம் கட்டியதற்கே மற்ற இஸ்ரவேலர் யுத்தத்துக்குக் கிளம்பிவிட்டார்களே, ஏன்?

பதில்: சித்தீமில் சூடுபட்டவர்கள் அவர்கள். எண்ணாகமம் 25-ஐப் படியுங்கள். மோவாபியர் பலி விருந்துக்கு அழைத்தார்கள். இவர்கள் போனார்கள், சாப்பிட்டார்கள், கடைசியில் அவர்களுடைய தேவனான பாகால்பேயோரைப் பணிந்துகொண்டார்கள். வாதையில் 24,000 பேர் செத்தார்கள். அன்று பாவத்தை எதிர்த்து நின்ற ஆசாரியன் பினெகாஸ்தான் இங்கே 10 பிரபுக்களோடு தூது போகிறார். பேயோரின் அக்கிரமம் நமக்குப் போதாதா என்று தன்னையும் சேர்த்தே கேட்கிறார். உங்கள் தேசம் தீட்டென்றால் எங்கள் பக்கம் வந்து குடியிருங்கள் என்று தங்கள் பங்கில் இடமும் கொடுக்கிறார் (22:19). எனக்கு இந்த வசனம்தான் அதிகாரத்தின் உயிர். அது பலியிட அல்ல, சாட்சிக்காகக் கட்டிய பீடம் என்று ரூபன், காத் புத்திரரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் விளக்கினதும் யுத்தப் பேச்சே நின்றுபோனது.

கேள்வி: 1 கொரிந்தியர் 10:8-ல் 23,000 என்றிருக்கிறதே?

பதில்: பவுல் "ஒரே நாளில்" விழுந்தவர்களைச் சொல்கிறார், எண்ணாகமம் மொத்தத்தைச் சொல்கிறது. பொதுவாகத் தரப்படும் விளக்கம் இதுவே.

கேள்வி: பின்னானவைகளை மறக்கச் சொல்கிறதே பிலிப்பியர் 3:13? பழைய பாவத்தை நினைத்தால் குற்ற உணர்வுதான் வருகிறது.

பதில்: அந்த அதிகாரத்தில் பவுல் முதலில் தள்ளுவது தன் பெருமைகளைத்தான், சகோதரி. தான் சபையைத் துன்பப்படுத்தினவன் என்பதை அவர் மறக்கவில்லை. 1 தீமோத்தேயு 1:13-ல் அதைச் சொன்ன கையோடு "இரக்கம் பெற்றேன்" என்கிறார். பாவத்தை மட்டும் நினைத்து இரக்கத்தை விட்டுவிட்டால் மனம் நொறுங்கிப்போகும். இரண்டையும் ஒரே ஜெபத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: நடைமுறையில் எப்படிச் செய்வது?

பதில்: எரிகோவில் சாபத்தீடானதைத் திருடின ஆகானையும் பினெகாஸ் நினைப்பூட்டுகிறார் (யோசுவா 22:20). ஆகானின் அறிக்கையில் (யோசுவா 7:21) நாலு படி உண்டு: கண்டான், இச்சித்தான், எடுத்தான், புதைத்தான். உங்கள் விழுகையைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: எங்கே மறைத்தேன், எப்போது எடுத்தேன், ஆசை எப்போது பிடித்தது, முதலில் எங்கே கண்டேன். இச்சைப் பாவமானால் விவரம் எழுத வேண்டாம், அது பழைய ஆசையைக் கிளறும். இடம், நேரம், உடனிருந்தவர்கள் போதும். பலர் "இனி எடுக்கமாட்டேன்" என்று மூன்றாம் படியில் பொருத்தனை பண்ணுகிறார்கள். அதற்குள் ஆசை முற்றிவிடுவதால் அது நிற்பதில்லை. வேலியை முதல் படியில் போடுங்கள்: அந்த இடத்துக்குப் போகாதிருங்கள், இரவில் போனை வேறு அறையில் வையுங்கள். நாலாம் படிக்கு மருந்து யாக்கோபு 5:16. ரகசியம் காக்கிற ஒரு மூத்த விசுவாசியிடம் அறிக்கையிடுங்கள், கூடுமானால் அன்றைக்கே.