சாவி போட்டும் பாஸ்வேர்டு கேட்கிறதே, ஏன்?

கேள்வி: வீட்டு மாடியில் பழைய டெஸ்க்டாப், கீழே லேப்டாப். இரண்டிலும் உபுண்டு. மாடிப்படி ஏறாமல் வேலை பார்க்கலாம் என்று லேப்டாப்பில் எஸ்எஸ்எச் (ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் வழி) சாவி உருவாக்கி டெஸ்க்டாப்புக்கு அனுப்பினேன். சாவி சேர்ந்துவிட்டதாகச் செய்தியும் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கிறது. நான்கு முறை புதுச் சாவி உருவாக்கிப் பார்த்துவிட்டேன். போன மாதம், போட்டோக்களை வீட்டில் எல்லோரும் பார்ப்பதற்காக, ஒருவர் சொன்னபடி டெஸ்க்டாப்பின் ஹோம் ஃபோல்டருக்கு 777 கொடுத்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தெரிந்த தம்பி ஒருவர், "ரெண்டு மெஷினையும் குடுங்க சார், செட் பண்ணித் தர்றேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தொடர்பு உண்டு. மெஷினைக் கொடுக்க வேண்டாம். ஐந்தாவது சாவியும் உருவாக்க வேண்டாம். பெரும்பாலும் உங்கள் சாவியில் கோளாறே இருக்காது.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் 'பாஸ்ஃப்ரேஸ்' என்று கேட்டால், கேட்பது உங்கள் லேப்டாப்தான். சாவிக்கு நீங்களே வைத்த ரகசியச் சொல் அது. 'பாஸ்வேர்டு' என்று கேட்டால்தான் மாடியில் இருக்கும் மெஷின் உங்கள் சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது ரகம்.

777 என்பது யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும் எண். அதில் முதல் எண் உங்களுக்கு, அடுத்தது உங்கள் குரூப்புக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. மூன்றையும் கூட்டினால் 7. அதாவது அந்த மெஷினில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஹோமுக்குள் எதையும் எழுதலாம், எந்த ஃபோல்டரின் பெயரையும் மாற்றலாம். உங்கள் சாவிகளின் பட்டியல் இருக்கும் .எஸ்எஸ்எச் ஃபோல்டரை நகர்த்திவிட்டு, தன் சாவியோடு அதே பெயரில் இன்னொன்றை வைத்துவிடலாம். அதனால்தான் டெஸ்க்டாப்பில் ஓடும் எஸ்எஸ்எச் சர்வர், ஹோமில் பிறருக்கு எழுதும் உரிமை இருந்தால் அந்தப் பட்டியலை நம்புவதில்லை. அது நியாயம்தான்.

ஆனால் நம்பவில்லை என்பதை உங்களிடம் சொல்வதில்லையே! லேப்டாப்பில் தனிச் சாவியின் (சாவி ஜோடியில் உங்களிடமே இருக்க வேண்டிய ரகசியப் பாதி) உரிமை தளர்ந்திருந்தால் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். சர்வரோ வாயே திறக்காமல் பாஸ்வேர்டு கேட்கும். வெளியாளுக்குத் துப்பு கொடுக்கக் கூடாது என்பது காரணம். சொந்த வீட்டு மெஷினோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறவருக்கு அது என்ன ஆறுதல்? எத்தனை பேர் இந்த இடத்தில் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

சர்வர் உண்மையைச் சொல்வது தன் லாக்கில், அதாவது நடந்ததை எழுதிவைக்கும் பதிவேட்டில் மட்டும். டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து, வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ஆத்.லாக் என்ற ஃபைலைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். 'ஆத்தென்டிகேஷன் ரெஃப்யூஸ்ட்: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று ஒரு வரி, அதன் முடிவில் உங்கள் ஹோம் ஃபோல்டரின் பெயர் இருக்கும். இருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது.

மருந்து மூன்று கட்டளைகள். சிஎச்மோட் கட்டளையால் ஹோமுக்கு 750, .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதற்குள் சாவிப் பட்டியலாக இருக்கும் ஆத்தரைஸ்ட்_கீஸ் ஃபைலுக்கு 600 கொடுங்கள். சூடோ (அட்மின் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போடாமல், உங்கள் கணக்கிலேயே செய்யுங்கள். போட்டோக்களை ஹோமுக்கு வெளியே தனி ஃபோல்டருக்கு மாற்றி, அதை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். எதற்கெடுத்தாலும் 777 கொடு என்று சொல்கிறவர் பேச்சை இனி கேட்காதீர்கள்.

பழைய டெஸ்க்டாப் என்கிறீர்கள், அதனால் ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். 18.04-க்கு முந்தைய உபுண்டுகளில், இன்ஸ்டால் செய்யும்போதே ஹோம் ஃபோல்டரை மட்டும் என்கிரிப்ட் செய்யும் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) வசதி இருந்தது. அன்று அதை டிக் செய்திருந்தால், பிறகு அப்கிரேடு செய்தே வந்திருந்தாலும், அது இன்னும் அப்படியே இருக்கலாம். அடையாளம் இதுதான்: மாடியில் நீங்கள் லாகின் செய்து வைத்திருக்கும்போது சாவி வேலை செய்யும், மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் வேலை செய்யாது. ஹோம் பூட்டிக் கிடக்கிறது, சாவிப் பட்டியல் அதற்குள் இருக்கிறது, சர்வரால் எப்படிப் படிக்க முடியும்? பட்டியலை இடிசி ஃபோல்டருக்குள் எஸ்எஸ்எச் என்ற இடத்தில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்து, சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் ஆத்தரைஸ்ட்கீஸ்ஃபைல் வரியில் அந்த இடத்தைக் குறிப்பிட வேண்டும். அப்போதும், சாவியால் நுழைந்தால் ஹோம் தானாகத் திறக்காது. அதைத் திறக்கப் பாஸ்வேர்டு தேவை, நீங்கள்தான் அதைக் கொடுக்கவே இல்லையே. உள்ளே போன பிறகு ஈக்ரிப்ட்எஃப்எஸ்-மவுண்ட்-பிரைவேட் என்ற கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும். மொத்த டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, அந்தத் தம்பி விஷயம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். சாவியைத் தன் லேப்டாப்பில் உருவாக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து போடுவார்கள். தனிச் சாவியின் நகல் அவர்களிடமே தங்கிவிடும். அல்லது, பிறகு பிரச்சினை வந்தால் பார்க்க வசதி என்று தங்கள் சாவியையும் உங்கள் பட்டியலில் சேர்ப்பார்கள், ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட்டை (வாசலை) வெளியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் ஒரு கடையின் மெஷின் பெயரோடு ஒரு சாவி கிடந்தது. அந்த அம்மா இடையில் இரண்டு தடவை பாஸ்வேர்டு மாற்றியிருந்தார், பாதுகாப்பாக இருக்கிறோம் என்றே நினைத்திருந்தார். பாஸ்வேர்டு மாற்றினால் சாவி செல்லாமல் போகாது. பட்டியலில் இருக்கும்வரை அந்தச் சாவிக்காரர் உள்ளே வரலாம்.

உங்கள் ஆத்தரைஸ்ட்_கீஸ் ஃபைலையும் திறந்து பாருங்கள். ஒரு சாவிக்கு ஒரு வரி. நான்கு முறை அனுப்பியதால் நான்கு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றின் கடைசியிலும் பெரும்பாலும் உருவாக்கியவர் பெயரும் மெஷின் பெயரும் இருக்கும். கடைசியாக அனுப்பியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். அடையாளம் தெரியாத வரி இருந்தால் யோசிக்காமல் அழியுங்கள். வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை.

சாவி வேலை செய்கிறது என்று ரீஸ்டார்ட் செய்தும் பார்த்த பிறகு, பாஸ்வேர்டு வழியை அடைத்துவிடலாம், அதற்கு முன்னால் வேண்டாம். அடைக்கும்போது ஏற்கெனவே இணைந்திருக்கும் ஒரு டெர்மினலை மூடாமல் வையுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால், ஆத்.லாக்கின் கடைசிப் பத்து வரிகளை அனுப்புங்கள், பார்க்கிறேன். தனிச் சாவி ஃபைலை எனக்கும் அனுப்பாதீர்கள்.