எத்தனை பேரில், எத்தனை நாளுக்குள்? அறுவை சிகிச்சைக் கணக்குகள் பற்றிக் கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை, புள்ளியியல் படித்தவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் மூன்று மாதம், ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று எண்ணுவதுதான் என் வேலை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் இதய வால்வும் நான் அதிகம் எண்ணியவை.

சிறுநீர்ப்பை எங்கே, இதயம் எங்கே? இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைக்கிறீர்கள்? (சிவகாமி, தஞ்சாவூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

2002-ல் அமெரிக்காவில் ஜான் பர்க்மேயர் குழுவினர் முதியோருக்கான அரசுக் காப்பீட்டுப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். 14 வகை ஆபரேஷன்கள், சுமார் 25 லட்சம் கேஸ்கள். ஒரு ஆபரேஷனை அடிக்கடி செய்யும் ஆஸ்பத்திரியில் சாவு குறைகிறதா என்பதே கேள்வி. பதினான்கிலும் குறைந்தது, ஆனால் ஒரே அளவில் இல்லை. கணைய ஆபரேஷனில், மிகக் குறைவாகச் செய்யும் இடங்களில் 16.3%, மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8%. கழுத்துத் தமனி அடைப்பை நீக்கும் ஆபரேஷனில் 1.7-க்கும் 1.5-க்கும்தான் வித்தியாசம். சிறுநீர்ப்பை நீக்கமும் வால்வு மாற்றமும் நடுவில்: வித்தியாசம் 2 முதல் 5 சதவீதப் புள்ளி வரை.

அடுத்த வருடம் அதே குழு இன்னொன்றைக் கேட்டது. நம் ஊர் பாஷையில் சொன்னால், இது டாக்டரின் கைராசியா, ஆஸ்பத்திரியின் ராசியா? எட்டு ஆபரேஷன்களில் பிரித்துப் பார்த்தார்கள். பெருந்தமனி வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) மாற்றத்தில், ஆஸ்பத்திரியால் வந்ததாகத் தெரிந்த வித்தியாசம் 100 சதவீதமும் அறுவை மருத்துவர் அதை எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பதற்குள் அடங்கிவிட்டது. சிறுநீர்ப்பை நீக்கத்தில் 39% மட்டுமே அடங்கியது. மீதியைக் கைராசியால் விளக்க முடியவில்லை.

ஏன்? இனி வருவது என் விளக்கம். வால்வு ஆபரேஷனில் இதயத்தை நிறுத்திவைத்து வேலை செய்கிறார்கள், நிமிடங்களுக்குக் கணக்கு உண்டு. அங்கே கை பேசும். சிறுநீர்ப்பையை எடுத்தால் அதோடு முடிவதில்லை. சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி சிறுநீருக்கு மாற்றுவழி அமைக்க வேண்டும். அப்புறம் குடல் வேலைநிறுத்தம் செய்யும், கிருமித் தொற்று வரும், காலில் ரத்தம் உறையும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங், இந்த ஆபரேஷனை மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் ஒன்று. அங்கேயே 1,142 பேரைக் கூர்ந்து எண்ணியபோது 64% பேருக்கு 90 நாளுக்குள் ஏதோ ஒரு சிக்கல் வந்திருந்தது. பெரும்பாலும் சிறியவை. ஆனால் அது ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் ஆரம்பிக்கும்போது யார் கவனிக்கிறார்கள் என்பதில் சர்ஜனின் விரலுக்கு வேலை இல்லை.

2009-ல் பொது அறுவையிலும் ரத்தக்குழாய் அறுவையிலும் இதையே வேறு வழியில் காட்டினார்கள். சாவு மிகக் குறைந்த ஆஸ்பத்திரிகளில் 24.6% பேருக்குச் சிக்கல், மிக அதிகமானவற்றில் 26.9%. கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள்? 12.5%, 21.4%. சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. காப்பாற்றுவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனில் இதுவரை ஒரு சாவு கூட இல்லை என்கிறார்கள். நம்பலாமா? (பெயர் வேண்டாம், சேலம்)

எத்தனை பேரில்? எத்தனை நாளுக்குள்? இந்த இரண்டையும் கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

சுலபமான ஒரு கணக்கு: சாவே இல்லையென்றால், 3-ஐ மொத்தக் கேஸ்களால் வகுங்கள். 20 பேருக்குச் செய்து யாரும் சாகவில்லையா? 3/20, அதாவது உண்மையான விகிதம் 15% வரைக்கும் இருக்கலாம். 300 பேருக்குச் செய்து சாகவில்லை என்றால் 1% வரை. 'பூஜ்யம்' இரண்டுக்கும் பொதுதான்.

மேடம், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன். சிறுநீர்ப்பையை எடுக்கலாமா வேண்டாமா? (குமார், மதுரை)

திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். மருத்துவரிடம் கேளுங்கள், வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

ரோபோ ஆபரேஷன் நல்லதா? (ஜெனிபர், நாகர்கோவில்)

அமெரிக்காவில் சிறுநீர்ப்பை நீக்கத்துக்கென்றே 350 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடந்தது, 2018-ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் நோய் முற்றாமல் உயிரோடு இருந்தவர்கள்: ரோபோவில் 72.3%, கையால் திறந்து செய்ததில் 71.6%. ரத்தப் போக்கு ரோபோவில் நன்றாகவே குறைவு, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குறைவு. 2022-ல் வந்த பிரிட்டன் சோதனையில், முதல் 90 நாளில் உயிரோடு ஆஸ்பத்திரிக்கு வெளியே கழித்த நாட்களை எண்ணினார்கள்: ரோபோவில் 82, திறந்து செய்ததில் 80. இரண்டு நாள் லாபம். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்கள் பர்ஸ்தான் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் என்றால் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளை எவ்வளவு அதிகம் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லதுதானே? (அன்வர், வேலூர்)

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், நானும்தான். பழைய பதிவுகளில் நிறைய முடிச்சு எடுக்கப்பட்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்திருந்தார்கள். ஆனால் திடமானவர்களுக்குத்தானே மணிக்கணக்கில் விரிவாக வெட்டுவார்கள்? கூடவே, நிறையத் தேடினால் ஒளிந்திருக்கும் நோயும் கண்ணில் படும். அவர் நோயின் அடுத்த நிலைக்கு (ஸ்டேஜ்) மாற்றப்படுவார், முந்தைய நிலையின் கணக்கு சும்மாவே அழகாகிவிடும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இதற்கான குலுக்கல் முறைச் சோதனை 2024-ல் வந்தது. ஐந்து வருடத்தில் நோயின்றி இருந்தவர்கள்: விரிவாக எடுத்ததில் 56%, வழக்கமான அளவில் 60%. 90 நாளுக்குள் இறந்தவர்கள்: 7%, 2%.

ரோபோவில் செய்தால் புற்றுநோய் திரும்ப வராதா? (ராஜேஷ், சென்னை)

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. திசு வால்வு (விலங்குத் திசுவால் செய்தது) பத்து வருடத்தில் கெடும் வாய்ப்பு ஒரு இடத்தில் 20% என்றும் இன்னொரு இடத்தில் 12% என்றும் படித்தேன். எது பொய்? (லலிதா, புதுச்சேரி)

இரண்டும் ஒரே நோயாளிகளிடமிருந்து வரலாம், இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

உங்கள் எண்களையே வைத்து ஒரு கற்பனைக் கணக்கு. நூறு முதியவர்களுக்கு வால்வு வைத்தோம். முதல் ஐந்து வருடத்தில் 40 பேர் வேறு காரணங்களால், வால்வு நன்றாக இருக்கும்போதே காலமானார்கள். ஆறாம் வருடம், மிச்சமிருந்த 60 பேரில் 12 பேருக்கு வால்வு கெட்டது. அதற்குப் பிறகு எதுவும் கெடவில்லை. 12-ஐ 60-ஆல் வகுத்தால் 20%. 12-ஐ 100-ஆல் வகுத்தால் 12%. முதல் கணக்கு, நோயாளி மார்க்கண்டேயனாக இருந்தால் வால்வு என்ன ஆகும் என்று கேட்கிறது. இரண்டாவது, இந்த நூறு பேரில் எத்தனை பேர் அந்தத் துயரத்தை நிஜமாக அனுபவித்தார்கள் என்று கேட்கிறது. வால்வுகளை ஒப்பிட முதல் கணக்குதான் சரி.

மேடம், நான் இதய அறுவை மருத்துவன். என் வார்டில் மார்க்கண்டேயன் யாரும் இல்லை. 78 வயது அம்மாவிடம் 20% என்று சொல்லிப் பயமுறுத்துவது நியாயமா? (டாக்டர் செந்தில்)

அம்மாவிடம் 12 சொல்லுங்கள் டாக்டர், அதில் சண்டை இல்லை. அந்த 12-ஐ விளம்பரத் தாளில் போடுவதில்தான் சண்டை. ஒரு கம்பெனி தன் வால்வை 85 வயதுக்காரர்களுக்கே வைத்தால், கெடுவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள், எண் அழகாக வரும். அதைக் காட்டி 60 வயதுக்காரருக்கு விற்பார்கள்.

ஆனால் செத்தவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதும் ஏமாற்றுதானே? (அதே டாக்டர்)

எடுப்பதில்லை. அவர் இருந்த வரைக்கும் எண்ணுகிறோம்.

பல்பு சோதனையில் நாங்களும் இதைத்தான் செய்வோம். வீடே இடிந்தால் பல்பு கெட்டதாக எழுத மாட்டோம். (முரளி, ஓசூர், பொறியாளர்)

நன்றி முரளி. ஆனால் பல்புக்கும் வீடு இடிவதற்கும் தொடர்பில்லை. வால்வு அப்படியா என்று டாக்டர் கேட்பார் பாருங்கள்.

அதையேதான் கேட்க வந்தேன். நிறைய ஆய்வுகளில் மறு ஆபரேஷன் நடந்தால்தான் வால்வு 'கெட்டது' என்று எண்ணுகிறார்கள். மறு ஆபரேஷனைத் தாங்க முடியாத பாட்டியின் வால்வு கிழிந்திருந்தாலும் பதிவில் 'நன்று'. பிறகு அவர் இதயச் செயலிழப்பால் இறக்கிறார். உங்கள் 20-ம் பொய், என் 12-ம் பொய். (டாக்டர் செந்தில்)

இதை ஒத்துக்கொள்கிறேன், முழுசாக. எக்கோவில் (இதய ஸ்கேனில்) பார்த்து எண்ணாமல் ஆபரேஷன் பில்லைப் பார்த்து எண்ணினால், இரண்டு கணக்குக்குமே அடித்தளம் இல்லை. லலிதா, நீங்கள் படித்த இடங்களில் 'கெட்டது' என்றால் என்ன என்று முதலில் தேடுங்கள். சிறுநீர்ப்பையிலும் இதே வம்பு உண்டு: 80 வயதில் புற்றுநோய்க்கு முன்னால் இதயம் முந்திக்கொண்டால், புற்றுநோய்க் கணக்கு அழகாகத் தெரியும்.

மெக்கானிக்கல் வால்வு வைத்திருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அசிட்ரோமை நிறுத்திவிட்டு, ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா? (சுந்தர், ஈரோடு)

நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். மெக்கானிக்கல் வால்வில், அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை வைத்து நடந்த சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. ரத்தக் கட்டியும் அதிகம், ரத்தக் கசிவும் அதிகம். 2013-ல் வெளியானது.

ரோபோவில் வால்வும் செய்கிறார்களாமே, அது... (ராஜேஷ், சென்னை)

ராஜேஷ்!

நம் நாட்டில் இளம் வயதினருக்கு எந்த வால்வு என்று கணக்கு இருக்கிறதா? (மீனாட்சி, திருநெல்வேலி)

வெளிநாட்டுக் கணக்கைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 2017-ல் வந்த கலிபோர்னியா ஆய்வில், பெருந்தமனி வால்வுக்கு 55 வயது வரையும் மைட்ரல் வால்வுக்கு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருப்பது) 70 வயது வரையும் மெக்கானிக்கல் வைத்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் வயதானவர்களின் வால்வு. இங்கே வாதக் காய்ச்சலால் இருபது, முப்பது வயதில் மைட்ரல் வால்வு பழுதானவர்கள் ஏராளம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிறுவனம் மெக்கானிக்கல் வால்வை உள்நாட்டிலேயே உருவாக்கி 1990-ல் முதன்முதலாகப் பொருத்தியதும் இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான். மெக்கானிக்கல் என்றால் வாழ்நாள் முழுக்க மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனை. லேபுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பெண்ணுக்கு, அதுவும் குழந்தை பெற நினைக்கிறவளுக்கு, கலிபோர்னியாவின் 70 வயது என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது.

திறக்காமல் தொடை வழியாக வால்வு வைப்பது ஆபரேஷனைவிடப் பாதி ஆபத்து என்று ஒரு தாளில் போட்டிருந்தது. (கணேசன், கும்பகோணம்)

எத்தனை நாளுக்குள்? ஆபத்து குறைந்த 1,000 பேரிடம் நடந்த சோதனை அது. ஒரு வருடத்தில் சாவு, பக்கவாதம், மறுபடி ஆஸ்பத்திரி மூன்றையும் சேர்த்து தொடை வழியில் 8.5%, ஆபரேஷனில் 15.1%. தாளில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். ஐந்தாம் வருடம் அதே கணக்கு 22.8%, 27.2%. சாவை மட்டும் தனியாக எடுத்தால் 10%, 8.2%, அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது.

டாக்டர் செந்தில் இதற்கும் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார். எழுதுங்கள் டாக்டர், காலையில் படிக்கிறேன்.